மூன்று நாள், ஒரு சின்ன கார்: வால்பாறையா, மேகமலையா, மூணாறா?

ஜனவரி மூன்றாம் வாரத்தில் மதுரையில் ஆறு நாற்பது வாக்கில் விடிகிறது. ஆறு இருபதுக்கெல்லாம் இருட்டத் தொடங்குகிறது. மூன்று நாளைக்கு மொத்தம் முப்பத்தைந்து மணி நேர வெளிச்சம். விடுமுறைக்கு எங்கே போவது என்று யோசிக்க உட்கார்ந்தபோது நான் முதலில் எழுதிய கணக்கு இதுதான். அறை வாடகை, பெட்ரோல் செலவு எல்லாம் அப்புறம். மலைச்சாலையில் இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். காட்டுக்குள் போகும் பல சாலைகளில் வனத்துறையே அந்தச் சட்டத்தைப் போட்டிருக்கிறது. மாலையானால் சோதனைச்சாவடியில் கம்பை இறக்கிவிடுவார்கள். ஆகவே செலவழிக்கக் கையில் இருப்பது இந்த முப்பத்தைந்து மணி நேரம். அதில் எவ்வளவு நாற்கரச் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் போகிறது, எவ்வளவு மலையில் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

காரில் நாலு பேர். நான் ஓட்டுவேன். மனைவிக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் கொண்டை ஊசி வளைவு வந்தால் சாவியை நீட்டிவிடுவாள். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. மகனுக்கு ஒன்பது, செக்கானூரணி தாண்டுவதற்குள் ‘இன்னும் எவ்வளவு தூரம்’ என்று ஆரம்பித்துவிடுவான், வளைவு வந்தால் வாந்தியும் வரும். கார் எட்டு வருஷம் ஓடிய சின்ன பெட்ரோல் வண்டி. சமவெளியில் குறை சொல்ல முடியாது. நாலு பேரும் பெட்டிகளுமாக ஏற்றத்தில் போகும்போது ஏசியை அணைத்தால்தான் மூச்சு வாங்காமல் ஏறும்.

இந்த நாலு பேரையும் இந்த வண்டியையும் மனதில் வைத்துத்தான் கீழே உள்ள எல்லா முடிவும். நீங்கள் இருபத்தைந்து வயதில் நண்பர்களோடு கிளம்புகிறவர் என்றால் என் முடிவு உங்களுக்குப் பொருந்தாது. சாலைகளைப் பற்றிச் சொல்வது பொருந்தும்.

கொடைக்கானலைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. மதுரைக்காரர்களுக்கு அது கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்படியே ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிற ஊர். 2024 மே 7 முதல் அங்கேயும் ஊட்டிக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. உயர் நீதிமன்றம் தலையிட்டு எண்ண வேண்டிய அளவுக்கு வண்டிகள் ஏறுகிற மலைக்கு நானும் ஒரு வண்டியை ஏற்றுவானேன்?

மிச்சம் மூன்று.

வால்பாறை

மனசுக்கு முதலிடம் இதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை நேராக முகத்துக்கு முன் எழுந்து நிற்கும். அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. மகனுக்கு எண்ணிக்கொண்டே வர ஒரு வேலை கிடைக்கும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. ஏறி வந்த சாலை ரிப்பன் மாதிரி கீழே மடிந்து கிடக்க, அதற்கும் கீழே அணையின் நீர், அப்பால் பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகள்.

அதே இடத்தில்தான் வரையாடும் நிற்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கப் பாடல்கள் வருடை என்று சொல்வது. மூணாறு பக்கம் இதைப் பார்க்கச் சீட்டு வாங்கி, வனத்துறை பேருந்தில் ஏறி, வரிசையில் நிற்க வேண்டும். இங்கே அது பாட்டுக்குச் சாலையோரக் கட்டைச் சுவரில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். தயவுசெய்து முறுக்கு, பிஸ்கட் போடாதீர்கள். போட்டுப் போட்டுத்தான் அவை சாலைக்கு வந்து அடிபடுகின்றன.

மேலே போனால் தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு மிஞ்சியிருக்கும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் வீட்டுக் கூரையில்கூட உட்கார்ந்திருக்கும். அவை சாலையில் இறங்கி அடிபடாமல் இருக்க, பழைய தீயணைப்புக் குழாய்களை மரத்துக்கு மரம் கட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள். யானை நடமாட்டத்தைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவதும், யானை பக்கத்தில் இருந்தால் சிவப்பு விளக்கு எரிய வைப்பதும் இங்கே பல வருஷமாக நடக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தொடங்கிய வேலை அது. அப்படி ஒரு விளக்கு எரிவதைப் பார்த்தால், அழகாக இருக்கிறதே என்று இறங்கிப் படம் எடுக்காமல் வண்டியைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2025 பிப்ரவரியில், வால்பாறைச் சாலையில் நின்ற யானையைத் தாண்டிப் போக முயன்ற ஒரு ஜெர்மானியப் பயணி பைக்கோடு தூக்கி வீசப்பட்டு இறந்தார். அதே வருஷம் தோட்டக் குடியிருப்புகளில் சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் பலியானார்கள். பயமுறுத்துவதற்காக இல்லை, பயணியாகப் போகிறவருக்கு ஆபத்து குறைவு. ஆனால் சின்னப் பையனோடு போனால், சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடு என்று விட முடியாது. என் மகனை ஒரு அறைக்குள் அடைப்பது அவனுக்கும் தண்டனை, எங்களுக்கும் தண்டனை.

சரி, இவ்வளவு பிடித்திருந்தும் ஏன் தயக்கம்? தூரம். மதுரையிலிருந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று போனால் வால்பாறை சுமார் 250 கிலோமீட்டர். பையனுக்கும் அம்மாவுக்கும் நிறுத்தி நிறுத்திப் போனால் ஏழு மணி நேரம். போக ஏழு, வர ஏழு என்று பதினாலு மணி நேரம் போய்விடும். முப்பத்தைந்தில் பதினாலு.

போன வழியே திரும்புவதில் எனக்கு விருப்பமில்லை என்பதால் அதிரப்பள்ளி பக்கம் இறங்கலாமா என்றும் பார்த்தேன். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, வாழச்சால் வழியாக அதிரப்பள்ளிக்குப் போகும் எண்பது கிலோமீட்டர் சாலை தென்னிந்தியாவிலேயே நல்ல காட்டுச் சாலைகளில் ஒன்று. மரங்கள் மேலே கூடி நிற்க, பகலிலேயே மங்கலாக இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் தலைக்கு மேல் இருவாச்சி ரயில் எஞ்சின் மாதிரி இறக்கைச் சத்தத்தோடு கடக்கும். ஆனால் சோதனைச்சாவடியில் நேரம் குறித்துக்கொள்வார்கள், அதற்குள் மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் இறங்கி நிற்கக் கூடாது. காட்டுக்குள் பெட்ரோலும் கிடைக்காது. ஒன்பது வயதுப் பையனுக்கு நடுக்காட்டில் வாந்தி வந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதிரப்பள்ளி அருவி ஏறக்குறைய எண்பது அடி உயரம். மேலே இருந்து பார்த்தால் பாதிதான் தெரியும். அடிவாரத்துக்குச் செங்குத்தான பாதையில் இறங்கி ஏற வேண்டும். அம்மாவுக்கு அது நடக்காது. மூன்றாம் நாள் சாலக்குடியிலிருந்து திருச்சூர், பாலக்காடு, பொள்ளாச்சி சுற்றி மதுரைக்கு முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். அன்று முழுக்க லாரிகளைத்தான் பார்க்கலாம்.

கோவைக்காரர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. காலையில் டிபன் சாப்பிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வால்பாறையில் இருக்கலாம். அவர்கள் மேலே படிக்காமல் நேராகக் கிளம்பலாம். ஒன்று மட்டும்: 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. ஆழியாறில் போய் நின்றுகொண்டு போனில் சிக்னல் தேட வேண்டாம், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

மேகமலை

என் மச்சினன் சின்னமனூரில் இருக்கிறான். “மாமா, மூணாறுல என்ன இருக்கு? எல்லாம் ரிசார்ட்டு. மேகமலை வாங்க, ஒரு ஈ காக்கா இருக்காது” என்பது அவன் கட்சி. ஈ காக்கா இல்லை என்பது உண்மைதான். அதில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது.

மூன்றிலும் பக்கம் இதுதான். தேனி போய், சின்னமனூரில் திரும்பி மலையேறினால் மொத்தம் 140 கிலோமீட்டர் வாக்கில். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மலரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அடிவாரத்தில் தென்பழனி சோதனைச்சாவடி. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான் வண்டி. சாலை முன்பு எலும்பை எண்ணுகிற சாலை. இப்போது பெரும்பகுதி நன்றாகப் போட்டிருக்கிறார்கள்.

பழைய ஆட்கள் மேகமலையைப் பச்சைக்கூமாச்சி என்பார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து கிடக்கும் ஹைவேவிஸ் அணை நீர், அதற்குப் பின்னால் மணலாறு, இரவங்கலாறு. மேகம் சாலைக்கு இறங்கி வந்து காரை விழுங்கிவிட்டு ஐந்து நிமிஷத்தில் துப்பிவிடும். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் ஐந்தாவது. வருஷநாடு, மேகமலைத் தொடரில்தான் வைகை பிறக்கிறது. சித்திரையில் அழகர் இறங்கும்போது மட்டும் வைகையில் தண்ணீர் பார்த்துப் பழகிய எங்களுக்கு, அது பிறக்கும் காட்டைப் போய்ப் பார்ப்பதில் ஒரு உரிமை இருக்கிறது.

குறை என்னவென்றால், தங்க இடம் கொஞ்சம். சாப்பாட்டுக் கடை அதைவிடக் கொஞ்சம். இரண்டு மூன்று இடங்களைப் பார்த்த பிறகு, செய்ய ஒன்றுமில்லை. என்னைப் போன்றவருக்கு அந்த ஒன்றுமில்லாமைதான் விடுமுறை. மகனுக்கு அது இரண்டாவது மணி நேரத்தில் அலுத்துவிடும். இரவு அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் பதினெட்டு வளைவும் இறங்கிச் சின்னமனூருக்கோ, கானாவிலக்கில் இருக்கும் தேனி மருத்துவக் கல்லூரிக்கோ வர வேண்டும். அதுவும் சாவடிக்கு விளக்கம் சொல்லிவிட்டு. போன வழியேதான் திரும்பவும் வேண்டும்.

ஒரு நாள் இரவுக்கு மேகமலை அருமை. இரண்டு இரவுக்கு நிறைய புத்தகமும் பேசாமல் இருக்கத் தெரிந்த துணையும் வேண்டும். திராட்சைத் தோட்டம், சுருளி அருவி என்று கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு நாள் வாரக்கடைசிக்குச் சரியாக இருக்கும். மச்சினன் வீட்டில் ஒரு வேளை கறிச்சோறும் உறுதி.

மூணாறு

மூணாறு என்றதும் முகம் சுளிக்கிறவர்களில் நானும் ஒருவன். ஊருக்குள் நுழைந்தால் நெரிசல், சாக்லேட் கடை, யானைச் சவாரி விளம்பரம். தொடர் விடுமுறை நாட்களில் அந்தப் பக்கமே போகக் கூடாது. பொங்கல் முடிந்த அடுத்த வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் என்று தேதி வைத்ததே இதற்காகத்தான். பையனுக்கு மூன்று நாள் லீவ் லெட்டர். என்ன காரணம் எழுதினோம் என்று கேட்காதீர்கள்.

ஆனால் மூணாறை ஊராக எடுத்துக்கொள்ளாமல் சாலையாக எடுத்துக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது. போடிமெட்டு வழியாக ஏறி, மறையூர், சின்னாறு வழியாக உடுமலையில் இறங்கலாம். ஒரே சாலையை இரண்டு முறை பார்க்க வேண்டியதில்லை. மதுரையிலிருந்து மூணாறு சுமார் 160 கிலோமீட்டர், மூணாறிலிருந்து உடுமலை 85 வாக்கில், அங்கிருந்து பழனி வழியாக மதுரை 160 சொச்சம். மூன்று நாளும் சேர்ந்து நானூறு கிலோமீட்டர் சுற்று. வால்பாறைக்குப் போய்வரும் தூரத்தைவிடக் குறைவு.

இந்தச் சுற்றின் விசேஷம், மலையின் இரண்டு முகமும் தெரிவது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கச் சரிவில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி வரும்போது வெறும் காற்றாக இறங்குகிறது. போடியில் கிளம்பும்போது புளியமரமும் முள்ளுக்காடும். இருபத்தாறு கிலோமீட்டர் ஏறி போடிமெட்டை அடைந்தால் ஏலத்தோட்டத்தின் ஈர வாடை. பூப்பாறை தாண்டி ஆனையிறங்கல் அணை. அப்புறம் கேப் ரோடு: ஒரு பக்கம் கருப்பாக ஈரம் வழியும் பாறைச் சுவர், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய வரை பள்ளத்தாக்கு. தேவிகுளம், மூணாறு எல்லாம் மழையின் பக்கம். மூன்றாம் நாள் மறையூரில் இறங்கினால் கரும்பும் சந்தன மரமும். இன்னும் இறங்கிச் சின்னாறில் நுழைந்தால் கள்ளியும் முள்ளும் வெடித்த பாறையும். சின்னாறில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் அளவில்தான்; ஒரு காலைப்பொழுது தூரத்தில் இருக்கும் மூணாறில் அதைப் போலப் பல மடங்கு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போனால் வாடையே மாறுவது தெரியும்.

வால்பாறை அழகில் குறைந்ததில்லை, ஆனால் மேலே போய்ச் சேர்ந்தபின் ஒரே பச்சை. இந்தச் சுற்றில் நாலு விதமான நிலம் கார் ஜன்னலிலேயே வந்துவிடுகிறது. நடக்க முடியாத அம்மாவை வைத்துக்கொண்டு நான் தேடியது அதைத்தான்.

சாலையைப் பற்றி. போடிமெட்டு ஏற்றத்தில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். இது கொச்சி–தொண்டி தேசிய நெடுஞ்சாலை, எண் 85. போடிமெட்டிலிருந்து மூணாறு வரை 42 கிலோமீட்டரை அகலப்படுத்தி நன்றாகவே போட்டிருக்கிறார்கள். கேப் ரோடு மட்டும் மழைக்காலத்தில் நம்ப முடியாது, மண் சரிந்து மாதக்கணக்கில் மூடிக் கிடந்த வருஷங்கள் உண்டு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இந்தப் பக்கம் போவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர்களின் லயம் வீடுகள் மேல் மலை சரிந்து எழுபது பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன தமிழ்க் குடும்பங்கள்.

போடிமெட்டில் பயப்பட வேண்டியது வளைவுகளுக்கு இல்லை, ஜீப்புகளுக்கு. போடி, தேவாரம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் வரிசையாக ஏறுவார்கள், சாயங்காலம் அதே வேகத்தில் இறங்குவார்கள். ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம், நமக்கு அப்படி இல்லை. ஒன்பது மணிக்கு மேல் போடியைத் தாண்டுகிற மாதிரி கிளம்பினால் ஜீப்பெல்லாம் மேலே போய்ச் சேர்ந்திருக்கும்.

மூணாறிலிருந்து 32 கிலோமீட்டரில் டாப் ஸ்டேஷன். மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளைத் தாண்டிப் போகும் பாதை. பெயரைக் கேட்டு ரேடியோ ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே ரயில் ஸ்டேஷன்தான். 1902-இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908-இலிருந்து சின்ன ரயில். மூணாறுத் தேயிலையை இங்கே கொண்டுவந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கி, அங்கிருந்து வண்டி கட்டிப் போடிக்குக் கொண்டுபோனார்கள். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. முதல் நாள் நாம் சுற்றி வளைத்து ஏறிய மலையை அந்தத் தேயிலை நேர்கோட்டில் இறங்கியிருக்கிறது. அங்கே நின்றால் கீழே தெரிவது தேனி மாவட்டம். நிற்கிற இடமும் தமிழ்நாடுதான். காலை பத்து மணிக்கு முன் போக வேண்டும். அப்புறம் மேகம் ஏறிவிட்டால் வெள்ளைச் சுவர்.

இரவிகுளம் தேசியப் பூங்காவில் நம் வண்டியை விடமாட்டார்கள், வனத்துறை பேருந்துதான். அம்மாவுக்கு அது வசதி. இறங்கிக் கொஞ்ச தூரம் தார்ப்பாதையில் நடந்தாலே வரையாடும், 2,695 மீட்டர் ஆனைமுடியின் பாறை முதுகும் தெரியும். சீட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுப்பது நல்லது. குட்டி ஈனும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள், ஜனவரியைவிட்டால் ஏப்ரல்தான். நீலக்குறிஞ்சிக்காகப் போகிறவர்கள் 2030 வரை காத்திருக்க வேண்டும்.

யானை? அது இல்லாத சாலை இந்த மூன்றிலும் இல்லை. அரிக்கொம்பன் நினைவிருக்கும். சின்னக்கானலில், அதாவது நாம் ஏறும் இந்த வழியில், அரிசிக்காகக் கடைகளை உடைத்துக்கொண்டிருந்தவன். 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அங்கிருந்து நடந்தே மேகமலை வந்து, மே கடைசியில் கம்பம் தெருக்களில் ஓடி, ஜூனில் தமிழக வனத்துறை பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனது. என் பட்டியலில் இருக்கும் மூன்றில் இரண்டு மலைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஒரே ஆள் அவன்தான்.

இறக்கம்

எந்த மலை என்றாலும் இது பொது. சில வருஷங்களுக்கு முன் கொல்லிமலையில் எழுபது வளைவையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். முக்கால்வாசி வந்ததும் கருகிய வாடை. மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. எப்படியோ ஓரங்கட்டி, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனேன். வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு மினி லாரிக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். “சார், சூட்டுல ஊத்துனா டிஸ்க் வளைஞ்சிரும். அப்படியே ஆற விடுங்க. ஏறுன கியர்லயே இறங்கணும் சார்.” அரை மணி நேரம் அவர் தந்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு நின்றோம். அன்றிலிருந்து இரண்டாம் கியர்தான். எஞ்சின் இரைந்தாலும் பரவாயில்லை. ஏறி வருகிற வண்டிக்கு நின்று வழிவிடுவதும் அன்றைக்கு அவர் சொன்னதுதான்.

வாந்திக்கு நான் கண்ட வழி: முழு வயிறும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி, ஏசியை அணைத்து ஜன்னலைத் திற, பையன் கையிலிருந்து போனைப் பிடுங்கு, எலுமிச்சம்பழம் ஒன்று கொடு. முன் சீட்டு யாருக்கு என்பதில் அவனுக்கும் பாட்டிக்கும் சண்டை உண்டு. ஏறும்போது அவன், இறங்கும்போது அம்மா என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறேன்.

வாடகைக் கார் எடுத்து ஓட்டுகிறவர்கள் நம்பர் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முறையான செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குத் தருகிறவர் உங்களை ‘அண்ணன் பிரெண்டு’ என்று சொல்லச் சொல்வார். மாநில எல்லையில் அந்த உறவு செல்லாது.

முடிவு

முதல் நாள் ஆறே முக்காலுக்குக் கிளம்பி, தேனியில் டிபன், ஒன்பதரைக்குப் போடி, இரண்டு மணிக்குள் மூணாறு. அன்று வேறு எதுவும் இல்லை, அம்மா தூங்கட்டும். இரண்டாம் நாள் காலை டாப் ஸ்டேஷன், மதியத்துக்கு மேல் இரவிகுளம். மூன்றாம் நாள் எட்டு மணிக்குக் கிளம்பி மறையூர். அங்கே முனியறை என்று சொல்லும் பெருங்கற்காலக் கல்லறைகள் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மறையூர்ச் சர்க்கரைக்கு, அதாவது வெல்லத்துக்கு, 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, கையால் பிடித்த உருண்டையாக விற்பார்கள். இரண்டு கிலோ வாங்கினால் மாசிச் சிவராத்திரி வரை பாயசத்துக்கு ஆகும். சின்னாறில் நிறுத்தாமல், மதியம் ஒரு மணிக்கு உடுமலை.

அதற்கு மேல்தான் ஒரு முடிச்சு. தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் பழனிச் சாலையில் பாதயாத்திரைக் கூட்டம். இரவில் சாலையோரம் காவடியும் கைவிளக்குமாக நடப்பார்கள். இருட்டில் அந்தச் சாலையில் ஓட்டுவது பெரிய பொறுப்பு. ஐந்தரைக்குள் திண்டுக்கல்லைத் தாண்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படியென்றால் பழனி மலையேறித் தரிசனம் செய்ய நேரமில்லை. பழனி வழியாக வந்துவிட்டு முருகனைப் பார்க்காமல் போவது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஏப்பா, அடிவாரத்துல ஆவினன்குடி இருக்குல்ல? மூணாம் படைவீடு அதுதானே? படியே கிடையாது. அரை மணி நேரம் நிறுத்து, போதும்” என்றாள்.

ஆக மூணாறுக்கு நாலு ஓட்டு. கிளம்புவதற்கு முந்தைய வாரம் புதன்கிழமை பிரேக் பேடு மாற்ற வண்டியை விடுகிறேன். மச்சினனுக்கு மட்டும் இன்னும் போன் செய்யவில்லை. தேனி வரை வந்துவிட்டுச் சின்னமனூர் பக்கம் திரும்பாமல் போடிக்குப் போகிறோம் என்பதை மனைவி சொல்வாளா, நான் சொல்வதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.